மருந்துக் கடை கவுன்ட்டரில் கேட்கும் கேள்விகள்: மஞ்சள் கேப்சூல் முதல் மரச்செக்கு எண்ணெய் வரை

தாராபுரத்தில் 26 வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர், சில்லறை எண்ணும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏனுங்க, இந்த முருங்கைப் பவுடர் நல்லதுங்களா?" பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அரை நிமிஷத்தில் எதையோ சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படிச் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் வேண்டாம் என்று சொல்லும் பல சரக்குகள் என் கடை அலமாரியிலும் இருக்கின்றன. சீட்டுக்கு விற்கும் மாத்திரையைவிட அவற்றில்தான் லாபம் அதிகம்.

எங்க அப்பாரு கம்மங்கூழ் குடிச்சே 92 வயசு இருந்தாருங்க. நாங்களும் குடிச்சா இருக்க மாட்டமா?

கம்பு நல்ல தானியம், அதில் சந்தேகமே இல்லை. 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. நார்ச்சத்தும் கம்பில்தான் அதிகம்.

ஆனால் அப்பாரு, அதாவது உங்கள் தாத்தா, கூழை மட்டுமா குடித்தார்? விடிவதற்குள் எழுந்து மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தார், ஏர் பிடித்தார், சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வந்தார். நாம் அதில் கூழை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறி உட்காருகிறோம். அவர் ஆயுளில் கூழின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று அவர் ஒருவரைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இன்னொன்று. அப்பாருவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் பெரியவர்களானது எத்தனை பேர் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதுக்குப் பக்கம். கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்ததுதான் அந்த எண் அவ்வளவு கீழே இருந்ததற்குப் பெரிய காரணம், சாப்பாடு அல்ல. ஆனாலும் அதே கூழைக் குடித்து 40 வயதில் போய்ச் சேர்ந்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் "கம்பு தோசைதானே" என்று ஆறு தோசை தின்றுவிட்டு, அளவு ஏறிவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள். கம்பிலும் ராகியிலும் இருப்பது மாவுச்சத்துதான். கொஞ்சம் மெதுவாக ஏறும், ஏறாமல் இருக்காது.

மஞ்சள் கேப்சூல் நல்லதா? ஈரோட்டு மஞ்சள்னு போட்டிருக்காங்களே.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அது ஊரின் பெயருக்குக் கிடைத்த பாதுகாப்பு. மூட்டு வலி போகும் என்பதற்கு யாரும் கொடுத்த சான்றிதழ் அல்ல.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மஞ்சளில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் பொருள் குர்குமின். 100 கிராம் மஞ்சள் தூளில் சுமார் 3 கிராம்தான் அது. ஒரு நாளைக்குக் குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் சேர்த்து ஒருவர் 2 அல்லது 3 கிராம் மஞ்சள் சாப்பிட்டால், உள்ளே போகும் குர்குமின் 60 முதல் 90 மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். நூற்றாண்டுகளாக நாம் சாப்பிட்டு எதுவும் ஆகவில்லை என்று சொல்வது இந்த அளவைத்தான்.

கேப்சூலில் 500 மில்லிகிராம் குர்குமின் இருக்கும். அதை மஞ்சள் தூளாகச் சாப்பிட வேண்டுமென்றால் சுமார் 17 கிராம் வேண்டும். அதோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்த்திருப்பார்கள். 1998-ல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்துக்குப் போகும் குர்குமின் 20 மடங்கு கூடியது. விளம்பரத்தில் இதைத்தான் பெருமையாகப் போடுகிறார்கள். எனக்கு அதுவேதான் பயம். அளவும் கூடி, உறிஞ்சுவதும் கூடினால், நம் பாட்டி சமைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சமையற்கட்டு சம்பாதித்த நல்ல பெயரில் வேறொரு சரக்கு விற்பனையாகிறது.

அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு ஒன்று, மஞ்சள் கேப்சூல்களால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் எழுதியது. 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்துபோனார். லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் 10 பேர் என்பது அபூர்வம்தான். ஆனால் உங்களுக்கு மூட்டு வலி கொஞ்சம் குறையலாம் என்பதுதான் மறுபக்கத்து லாபம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பித்தப்பையில் கல் இருப்பவர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்கள் சாப்பிட்டே தீர்வது என்றால், கண் மஞ்சளாகிறதா, சிறுநீர் பழுப்பாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழம்பு மஞ்சளில் பார்க்க வேண்டியது வேறு. பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயத்தைப் பூசும் கெட்ட பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வங்கதேசத்தில் இதைக் கண்டுபிடித்து, 2019-க்குப் பிறகு கடுமையாகத் தடுத்தார்கள். அங்கே கிழங்கைப் பாலிஷ் போடும்போதே பூசினார்கள். ஆகவே "விரலி வாங்கி நானே அரைக்கிறேன்" என்பது மட்டும் போதாது. கண்ணைப் பறிக்கிற மஞ்சளைவிட மங்கலான கிழங்கு மேல்.

முருங்கைப் பவுடரில் பாலைவிட 17 மடங்கு கால்சியம்னு டப்பாவுல இருக்கு. பொய்யா?

பொய் இல்லை, ஆனால் தராசு சரியில்லை. காய வைத்து அரைத்த இலையை எடைக்கு எடை பாலோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு வரும். இலையிலிருந்து தண்ணீர் போய்விட்டது, பாலில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் முருங்கைப் பவுடரில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம், 100 மில்லி பாலில் சுமார் 120. வகுத்தால் 17 வருகிறதா, சரி.

100 கிராம் பவுடரை யார் ஒரு நாளில் தின்பார்கள்? ஒரு ஸ்பூன் 5 கிராம். அதில் 100 மில்லிகிராம் கால்சியம். ஒரு டம்ளர் பாலில் 240. மடங்குக் கணக்கு எங்கே பார்த்தாலும் "எந்த அளவுக்கு எந்த அளவு?" என்று மட்டும் கேளுங்கள். டப்பா விளம்பரங்களில் பாதி அங்கேயே படுத்துவிடும்.

மூலனூர்ப் பக்கம் முருங்கை காடு காடாக இருக்கிறது. வேலியோரத்து மரத்தில் ஒரு கொப்பு ஒடித்துப் பொரியல் வைக்கிற வசதி இருக்கும்போது எதற்குப் பவுடர் என்று நான் கேட்பேன். ஊருக்கு வெளியே பிளாட்டில் இருக்கிறவர்களுக்குப் பவுடர் சரி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையோடு மல்லுக்கட்டும்.

மரச்செக்கு எண்ணெய் வாங்கலாமா, ரீபைண்டு வாங்கலாமா?

வெள்ளகோவில், காங்கேயம் ரோட்டில் செக்குக்கு முன்னால் வரிசை நிற்பதைப் பார்க்கிறேன். வீட்டில் நாங்களும் செக்குக் கடலை எண்ணெய்தான். வாசனைக்காக என்பதுதான் நேர்மையான பதில்.

செக்கில் சூடு குறைவு என்பதால் வாசனைப் பொருட்களும் கொஞ்சம் வைட்டமின் ஈயும் தங்கும். அது நல்லது. ஆனால் "செக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஒரு மேஜைக் கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. எந்தச் செக்கில் ஆட்டினாலும் 120தான்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: செக்கில் போட்ட பருப்பு எப்படி இருந்தது? நிலக்கடலை ஈரத்தில் கிடந்தால் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில்தான் விஷம் இருந்தது. இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். மனிதருக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கும் என்பது இப்போது சந்தேகமில்லாத விஷயம். எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கோடு போய்விடும், கொஞ்சம் எண்ணெயில் தங்கும். ரீபைண்டு செய்யும் ஆலையில் அதை நீக்கிவிடுகிறார்கள், செக்கில் நீக்க வழியில்லை. புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அதன் ஒரு வடிவம் வரும்.

இதற்காகச் செக்கை விட வேண்டாம். பருப்பைப் பார்த்து வாங்குங்கள். சுருங்கியது, கறுத்தது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். களத்தில் நன்றாகக் காய்ந்த பருப்பாகக் கொண்டுபோய்க் கண்முன்னே ஆட்டி வாங்குகிறவர்கள்தான் செக்கின் முழுப் பலனை அடைகிறார்கள். சொத்தைப் பருப்பைத் தள்ளுபடி விலைக்கு வாங்கி ஆட்டுகிற இடத்தில் "மரச்செக்கு" என்ற பலகைக்கு மதிப்பில்லை.

தேங்காய் எண்ணெய்? காங்கேயத்துக் கொப்பரைக் களங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், மனசில்லாமல்தான் எழுதுகிறேன். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல்லைத் தேங்காய் எண்ணெய் ஏற்றுகிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. தாளிக்க ஒரு ஸ்பூன் போட்டால் ஒன்றும் குடி முழுகாது. காலையில் வெறும் வயிற்றில் ரெண்டு ஸ்பூன் குடிக்கிறேன் என்று வருகிறவர்களிடம் மட்டும் நான் சண்டை போடுகிறேன்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை?

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. ருசியில் அதற்கு ஈடில்லை. ஆனால் உடம்புக்குள் போனபின் அதுவும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். இரும்பு இருக்கிறது என்பார்கள். காப்பிக்குப் போடும் ரெண்டு ஸ்பூனில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு ஆறு ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்று. தேன், கருப்பட்டிப் பாகு, நாட்டுச் சர்க்கரை எல்லாமே அந்த ஆறுக்குள்தான். சர்க்கரை நோயாளிகள் "நாட்டுச் சர்க்கரைதானே" என்று கூடுதலாக ஒரு ஸ்பூன் போடுவதால், இந்த மாற்றத்தில் நஷ்டப்படுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நாமக்கல் முட்டை தினமும் சாப்பிடலாமா? மஞ்சக்கருவை எடுத்துடணுமா?

பெரும்பாலானவர்கள் தினமும் ஒன்று முழுதாகச் சாப்பிடலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு மஞ்சள் கருவில்தான். உணவில் வரும் கொலஸ்ட்ரால் ரத்தக் கொலஸ்ட்ராலை நாம் பயந்த அளவுக்கு ஏற்றுவதில்லை. நாளுக்கு 300 மில்லிகிராம் என்று போட்டிருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-ல் கைவிட்டது. சர்க்கரை நோயோ, ஏற்கனவே மாரடைப்போ வந்தவர்கள் டாக்டரைக் கேட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்ளட்டும். கரு ஆழ்ந்த நிறமாக இருப்பது தீவனத்தைப் பொறுத்தது. பச்சையாகக் குடிக்க வேண்டாம்.

ஹெர்பல்தானுங்க, சைடு எஃபெக்ட் இருக்காதுல்ல?

இந்தக் கேள்வியைத் தாராபுரத்தில் நின்று கேட்பதுதான் எனக்குச் சிரிப்பு. மூலனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், பந்தலில் கண்வலிக் கிழங்கு பூத்துக் கிடக்கும். செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ரசாயனம் கலக்காத சுத்தமான இயற்கை. அந்தக் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசினை கவுட் என்கிற மூட்டுவாதத்துக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாக நானே விற்கிறேன். கிழங்கு பயிரிடுகிற விவசாயி அதைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். அவரே என் கடைக்கு வந்து "மூலிகைதானே" என்று ஒரு லேகியத்தைக் காட்டிக் கேட்பார்.

கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கஷாயத்தை ஊரே குடித்தது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டபின் கல்லீரல் வீங்கி வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஒப்புக்கொள்ளவில்லை, வேறு செடியைச் சீந்தில் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும், பொடியாகி டப்பாவுக்குள் போனபின் எந்தக் கொடி என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. நாடி பார்த்து, வயதைப் பார்த்து, இத்தனை நாள் என்று சொல்லிக் கொடுக்கிற வைத்தியர் வேறு. வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துத் தினமும் அரை டம்ளர் குடிப்பது வேறு.

வைட்டமின் மாத்திரை கூடக் கொஞ்சம் போனா என்னங்க, சத்துதானே?

இதற்கு நான் பட்டதைச் சொல்கிறேன். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர், முட்டி வலி. வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் 60,000 யூனிட் எழுதினார். வாரம் ஒன்று, எட்டு வாரம். அன்று சந்தை நாள், கடையில் கூட்டம். கவரில் "வாரம் ஒண்ணு" என்று எழுதாமல் கொடுத்துவிட்டேன். அவர் தினம் ஒன்று போட்டார். தெம்பாக இருந்த மாதிரி தோன்றியிருக்கிறது, தீர்ந்ததும் வேறு கடையில் சீட்டைக் காட்டித் திரும்ப வாங்கியிருக்கிறார். ரெண்டு மாதத்தில் வாந்தி, மலச்சிக்கல், ஓயாமல் சிறுநீர், பேச்சில் தடுமாற்றம். ரத்தத்தில் கால்சியம் எகிறிக் கிடந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக் கிட்னியைக் காப்பாற்றினார்கள். தப்பு என்னுடையது. இப்போது அட்டையிலேயே பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதிக் கொடுக்கிறேன்.

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. உடம்பு அவற்றைச் சேர்த்து வைக்கும், மிச்சத்தைச் சட்டென்று வெளியே தள்ளாது. பெரியவர்களுக்கு டி தினசரி உச்ச வரம்பு 4,000 யூனிட் என்று பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் சாப்பிட்டது அதைப்போல் 15 மடங்கு.

அளவு மீறாவிட்டாலும் மாத்திரை உணவைப்போல் நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக இருந்ததைப் பார்த்து, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்று 18 சதவீதம் அதிகம். கேரட் தின்றவர்களைக் காப்பாற்றியது கேரட்டிலிருந்த மற்றவையா, அவர்கள் வாழ்ந்த விதமா, எதுவாகவும் இருக்கலாம். பிரித்தெடுத்த அந்த ஒரு சத்து அதைச் செய்யவில்லை.

அப்ப யாருக்குத்தான் சத்து மாத்திரை வேணும்?

பல பேருக்கு வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 180 நாளுக்குக் கொடுக்கும் இரும்பு, போலிக் அமில மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். விலை இல்லாமல் கிடைப்பதால் மட்டமானது என்று நினைக்கிறார்கள். என் கடையில் நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கும் டானிக்கைவிட அதற்கு ஆதாரம் அதிகம். அதை டீ, காப்பியோடு போடாமல் எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

முட்டையும் கறியும் தொடாதவர்களுக்குப் பி12 குறையும், பால் மோர் மட்டும் பல பேருக்குப் போதுவதில்லை. சர்க்கரைக்கு மெட்பார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் ஒரு தடவை பி12 பார்த்துவிடுங்கள்.

பையன் ஜிம்முக்குப் போறான், புரோட்டீன் பவுடர் கேக்கறான்.

60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். ஜிம்மில் நிஜமாகவே எடை தூக்குகிறவனுக்கு இன்னும் கொஞ்சம். ரெண்டு முட்டை 12 கிராம், ஒரு கைப்பிடி கடலை 7, கொள்ளுப் பருப்பு ஒரு கிண்ணம் 7, பாலும் தயிரும் சேர்ந்து 8, மூன்று வேளைச் சோறு களி தோசையில் 20 வரும். எண்ணிப் பார்த்தால் 54. ஞாயிற்றுக்கிழமை கறியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நம் அரிசிம்பருப்புச் சோறு இதில் கெட்டிக்காரத்தனமான சாப்பாடு. அரிசியில் குறையும் அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது.

நல்ல கிட்னி உள்ளவனுக்குப் பவுடரால் கிட்னி போய்விடாது, அந்தப் பயம் மிகை. ஆனால் ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கவே சொல்லியிருக்கிறது. சர்க்கரையும் செயற்கை இனிப்பும் வாசனையும் கலந்து வருகிறது என்பது ஒரு காரணம். காசு இருந்து, சாப்பிட நேரமில்லாதவன் வாங்கட்டும். "ஒரே மாசத்தில் உடம்பு" என்று எழுதிய டப்பா மட்டும் வேண்டாம். அவ்வளவு வேகத்தில் உடம்பு ஏறினால் உள்ளே வேறு எதையோ கலந்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா காலையில ஷேக் குடிக்கக் கூப்பிடறாங்க. எட்டு கிலோ குறைஞ்சிருக்காங்க. மறுக்க முடியலை.

அக்கா குறைந்தது நிஜம். ரெண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு 200 கலோரி ஷேக் குடித்தால் யாரும் குறைவார்கள். ராகிக் கூழ் குடித்தாலும் குறைவார்கள். ஷேக்கை நிறுத்திய ஒரு வருஷம் கழித்து எவ்வளவு இருக்கிறார் என்று கேளுங்கள்.

உங்களைச் சேர்த்துவிட்டால் அக்காவுக்குக் கமிஷன் வரும். அது தப்பில்லை, எனக்கும் விற்றால் லாபம் வருகிறது. ஆனால் விற்கிறவரே பலனுக்குச் சாட்சியாகவும் இருந்தால் அந்தச் சாட்சியைப் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுக்க ஒரு வழி சொல்கிறேன்: "கல்லீரல் டெஸ்ட் எடுத்துட்டு வர்றேன்க்கா, மூணு மாசம் குடிச்சுட்டு மறுபடி எடுப்போம்" என்று சொல்லுங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

இளநீர்?

பொள்ளாச்சி இளநீரை வெயிலில் ஒன்று வெட்டிக் குடிப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், 200 மில்லியில் சுமார் 500 மில்லிகிராம். கிட்னி மந்தமானவர்களுக்கு அது வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே குழப்பும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், வீக்கத்துக்கு ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் தினசரி ரெண்டு மூன்று என்று பழக்கமாக்கக் கூடாது. "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட்டும் இதே கதைதான், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல மாற்று.

இந்துப்பு கேட்பீர்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். அயோடின் கலக்காத பாக்கெட்டாக இருந்தால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

காங்கேயம் மாட்டு ஏ2 பாலுக்கு ரெண்டு மடங்கு விலை கொடுக்கலாமா?

பாலில் இருக்கும் ஒரு புரதத்தின் இரண்டு வகைகளுக்குத்தான் ஏ1, ஏ2 என்று பெயர். நாட்டு மாட்டுப் பாலில் பெரும்பாலும் ஏ2. காங்கேயம் இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கொடுத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த மாடு கறப்பது கொஞ்சம், விலை கட்டுப்படியாக வேண்டும். நோய் வராது என்று நினைத்துக் கொடுத்தால் அதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் பார்த்துவிட்டு, ஏ1 பாலால் நோய் வருகிறது என்று நிறுவ முடியவில்லை என்றது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆக, விவாதம் முடியவில்லை.

"இதைத் தின்றால் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்"னு செய்தியில போடறாங்க. நம்பறதா?

பதப்படுத்திய இறைச்சியைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சொன்னதை வைத்து வந்த செய்தி அது. தினமும் 50 கிராம் தின்றால் குடல் புற்று 18 சதவீதம் கூடும் என்பது சரியான கணக்கு. ஆனால் 18 சதவீதம் எதிலிருந்து? 1,000 பேரில் 50 பேருக்கு ஆயுளில் அந்த நோய் வரும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், அது 59 ஆகும். ஆயிரத்தில் ஒன்பது பேர் கூடுதல். நம் நாட்டில் அந்த நோய் மேலைநாடுகளைவிடக் குறைவு, ஆகவே கூடுதலும் அதைவிடக் குறையும்.

"புகையிலை இருக்கும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்" என்று பதறினார்கள். அந்தப் பட்டியல், புற்றை உண்டாக்குகிறது என்பது எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைச் சொல்லவில்லை. பள்ளிபாளையம் சிக்கன் இதில் வராது, அது பதப்படுத்தாத கறி. நம் உப்புக்கண்டம் வரும், உப்புப் போட்டுக் காயவைத்தது அல்லவா. ஆனால் அதை யார் தினமும் 50 கிராம் தின்கிறார்கள்? எப்போதோ ஒரு நாள் நாலு துண்டு பொரிக்கிறோம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

டப்பாவுல அரசாங்க நம்பர் இருக்கே, அப்ப நல்லதுதானே?

அந்த 14 இலக்க எண், உணவு உரிமம் பெற்றவர் தயாரித்தார் என்று மட்டும் சொல்கிறது, பலன் தரும் என்று சொல்லவில்லை. சத்து மாத்திரை டப்பாக்களில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட வேண்டும் என்பது விதி. பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுத் தேடுங்கள். "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். குழந்தைக்கு வாங்கும் பவுடரில் முதல் மூன்றுக்குள் சர்க்கரை இருந்தால் அது மிட்டாயைவிட விலை கூடிய மிட்டாய்.

இதெல்லாம் சாப்பிடறதை டாக்டர்கிட்டச் சொல்லணுமா? திட்டுவாரே.

திட்டினாலும் சொல்லுங்கள். முடி வளர்ச்சிக்கு என்று பெண்கள் வாங்கும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு டெஸ்ட் முடிவையே மாற்றிக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் டெஸ்டையும் ஏமாற்றும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. இல்லாத தைராய்டு நோய்க்கு மாத்திரை ஆரம்பித்து, அந்த மாத்திரையால் வேறு தொல்லை வந்து, அதற்கு இன்னொரு மாத்திரை என்று போகும். ஆபரேஷனுக்கு முன்னால் மஞ்சள், பூண்டு, மீன் எண்ணெய்க் கேப்சூல் எல்லாவற்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெயர் ஞாபகம் இருக்காது என்பதால், வீட்டிலிருக்கும் அட்டை, டப்பா, லேகியம், கசாயப் பொடி அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். போன வாரம் ஒரு அம்மா அப்படி ஒரு பையை என் கவுன்ட்டரில் கவிழ்த்தார். பதினொன்று இருந்தது. மூன்று டப்பாவில் ஒரே கால்சியம், வேறு வேறு கம்பெனி. ரெண்டு டப்பா என் கடை பில்லோடு.